வீணைக்கு மைக் தேடி வீட்டைச் சரிசெய்த கதை

அத்தைக்கு 68 வயது. பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பது வருடத்துக்கு மேல் வீணை வாசிக்கிறார். ஆனால் அவர் வாசித்து ஒழுங்காகப் பதிவான ஒரு நிமிடம்கூட வீட்டில் கிடையாது. இருப்பதெல்லாம் நவராத்திரி கொலுவின்போது யாரோ போனில் எடுத்த துண்டுகள். அவற்றில் வீணையைவிடச் சுண்டல் கிண்ணத்தின் சத்தம்தான் தெளிவாக இருக்கும்.

இந்தத் தை மாதம் நாமே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை காலியாக இருந்தது. லேப்டாப் இருந்தது. இரண்டு மைக் செருகக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை முன்பே வாங்கி வைத்திருந்தேன். இல்லாதது மைக் மட்டும். ஒரு நல்ல மைக் வாங்கினால் ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆனது.

வாங்கும்போது நான் பார்த்தது ஒரே ஒரு எண். மைக்குக்குள் இருக்கும் மின்சுற்றே மெல்லிய 'ஸ்ஸ்' என்ற இரைச்சலை உண்டாக்கும். அதைச் சுய இரைச்சல் என்பார்கள். வீணை சத்தம் குறைந்த வாத்தியம், ஆகவே இரைச்சல் குறைந்த மைக் வேண்டும் என்பது என் கணக்கு. 5 டெசிபல் மட்டுமே சுய இரைச்சல் உள்ள பெரிய டயாஃப்ரம் (ஒலியில் அதிரும் மெல்லிய தகடு) கொண்ட கண்டென்சர் மைக் ஒன்று என் பட்ஜெட்டுக்குள் கிடைத்தது. பார்சல் வந்த அன்றே ஸ்டாண்டில் மாட்டி, கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரமான ஃபான்டம் பவரைப் போட்டு, அத்தையை உட்கார வைத்துவிட்டேன்.

ஹெட்போனில் கேட்டதும் முகம் சுருங்கிப்போனது. ஃபிரிட்ஜின் உறுமல், பக்கத்து வீட்டு மாடியில் தண்ணீர் மோட்டார், தூரத்தில் பஸ் ஹார்ன், சுவரில் பல்லி. எல்லாவற்றுக்கும் நடுவே வீணை. போனில் இருந்த சத்தம் அளக்கும் செயலியைத் திறந்தேன். எல்லாம் அடங்கியிருக்கும்போதே 34 என்று காட்டியது. போன் செயலியின் எண்ணை அப்படியே நம்பக்கூடாதுதான், ஆனாலும் விஷயம் புரிந்தது. டெசிபல் கணக்கில் 34-ஓடு 5-ஐச் சேர்த்தால் வருவது 34தான். 16-ஐச் சேர்த்தாலும் கிட்டத்தட்ட அதே 34தான். வீடே 34-இல் இரைந்துகொண்டிருக்கும்போது மைக் எவ்வளவு அமைதியாக இருந்து என்ன பயன்?

அது போதாதென்று அந்த மைக் மேல்ஸ்தாயி ஒலிகளைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும் ரகம். பாடகர் குரலுக்கு அது பளபளப்பைத் தரும். வீணைக்கு வினையாகிவிட்டது. வீணையில் தந்திகளைத் தாங்கும் குதிரை மேல் பித்தளைத் தகடு லேசாக வளைந்திருக்கும். தந்தி அதன் மேல் உரசி உரசி அதிரும். அதனால்தான் வீணைக்கும் தம்புராவுக்கும் அந்த ரீங்காரம். சாதாரணத் தந்தி வாத்தியத்தில் வராத மேல்சுரங்கள்கூட (ஒரு சுரத்தோடு சேர்ந்து மேலே மெல்லியதாக ஒலிப்பவை) இந்தக் குதிரையால் வந்துவிடுகின்றன என்று சி.வி. ராமன் 1921-லேயே எழுதியிருக்கிறார். ஆக, மேல்சுரங்கள் ஏற்கெனவே நிறைந்த ஒலி. அதை இன்னும் தூக்கிக் காட்டினால், அத்தை விரலில் மாட்டியிருக்கும் நெளி தந்தியில் படும் ஒவ்வொரு தடவையும் தகரத்தில் சீப்பை இழுத்த மாதிரி இருந்தது.

"இது என் வீணை மாதிரியே இல்லையேடா" என்றார் அத்தை. அப்புறம் மரியாதைக்காக, "ஆனா நல்லா கேக்குது" என்று சேர்த்துக்கொண்டார்.

இன்னொன்றும் கேட்டது. சில இடங்களில் மட்டும், சுரத்தின் வாலில் 'ஜ்ர்ர்' என்று ஒரு சின்ன அதிர்வு. மைக்கில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

சர்ச்சில் கிடார் வாசிக்கும் நண்பன் ஒருவன் தன் எஸ்எம் 57-ஐக் கடன் கொடுத்தான். 1965-லிருந்து விற்பனையில் இருக்கும் டைனமிக் மைக். கிடார் ஆம்ப்ளிஃபையர் முன்னாலும் டிரம்ஸ் முன்னாலும் அதை வைக்காத ஸ்டுடியோ இருக்காது. டைனமிக் மைக்குகள் தூரத்துச் சத்தத்தை வாங்காது என்று அவன் சொன்னான். பலரும் சொல்வதுதான். அதில் பாதிதான் உண்மை. அவற்றைப் பொதுவாக வாய்க்கு அருகில், சத்தத்துக்கு அருகில் வைத்து வாசிப்பதால் கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு, குறைவாக இருக்கும். அதனால் தூரத்துச் சத்தம் கேட்பதில்லை. அதே மைக்கை வீணையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்துக் கெயினைத் திருகினால் ஃபிரிட்ஜும் மோட்டாரும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

திருகத்தான் வேண்டியிருந்தது. ஒரே அளவு ஒலிக்கு எஸ்எம் 57 தருவது 1.6 மில்லிவோல்ட், நான் வாங்கியிருந்த கண்டென்சர் தந்தது 25 மில்லிவோல்ட். கிட்டத்தட்ட 16 மடங்கு வித்தியாசம், அதாவது 24 டெசிபல். குமிழைக் கடைசிவரை திருப்பினால் இன்டர்ஃபேஸின் சொந்த இரைச்சலே மழை பெய்கிற மாதிரி கேட்டது. இதில் மைக்கைக் குறை சொல்ல எதுவும் இல்லை. முழங்கும் தவிலுக்கு வைக்க வேண்டியதைக் கொண்டுவந்து மெல்லப் பேசும் வீணைக்கு வைத்தது என் தப்பு. ஆனால் ஒன்று கவனித்தேன்: நெளியின் சீப்பு சத்தம் இதில் இல்லை. அத்தையும் "இது பரவால்ல" என்றார்.

கெயினை ஏற்றியதில் இன்னொரு விருந்தாளி வெளியே வந்தது. 'ம்ம்ம்ம்' என்று ஒரு முணுமுணுப்பு. ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் அதிர்வெண் படத்தைப் போட்டுப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸில் ஒரு கம்பம், 100-இல் ஒன்று, 150-இல் ஒன்று. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஆகவே அது எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகம் இல்லை. இன்டர்ஃபேஸின் உலோக உடம்பைத் தொட்டால் குறைந்தது. கையை எடுத்தால் திரும்ப வந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினேன். காணாமல் போனது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பேட்டரி ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். அதோடு, தொட்டால் குறைகிற முணுமுணுப்பு என்றால் எர்த்தில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். மாடி அறை பிளக் போர்டைக் கழற்றியவர் சிரித்தார். எர்த் ஒயர் சுவருக்குள்ளிருந்து வந்து, எதிலும் மாட்டாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. வீடு கட்டிய நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும். அந்த அறையில் இத்தனை வருடம் அயர்ன் பாக்ஸ் போட்டிருக்கிறோம்! அதை இணைத்து, எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்துவிட்டுப் போனார். மூன்று பின் சார்ஜர் ஒன்றும் வாங்கினேன். முணுமுணுப்பு போய்விட்டது. சிலர் இதற்கு எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்; சத்தம் போகலாம், ஆளும் போகலாம்.

ஃபேன் ரெகுலேட்டரும் தன் பங்குக்கு 'ர்ர்' என்று ஒரு கீறலைச் சேர்த்தது. ஃபேன் சுவிட்சை அணைத்தால் அதுவும் போனது. ஆனால் 'ஜ்ர்ர்' மட்டும் போகவில்லை. கேபிளை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் இருந்தது.

மைக்கை ஓரமாக வைத்துவிட்டு அறையைப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். அகலம் 9 அடி, நீளம் 11 அடி, உயரமும் 9 அடி. அத்தை மூன்று கட்டை சுருதியில் வாசிப்பார். முதல் தந்தியான சாரணியின் ஷட்ஜம் சுமார் 165 ஹெர்ட்ஸ். கீழே, மிகத் தாழ்ந்து ஒலிக்கும் அனுமந்தரத் தந்தியின் பஞ்சமம் சுமார் 62 ஹெர்ட்ஸ். பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது, அந்த அனுமந்தரப் பஞ்சமம் மட்டும் மற்றவற்றைவிடப் பெருத்து, குடத்துக்குள் யாரோ முழங்குவது மாதிரி நீண்டது. காரணம் கணக்கில் இருந்தது. இரண்டு எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பும்போது, அந்தத் தூரத்தின் இரு மடங்கு எந்த அலைநீளமோ அந்தச் சுரம் ஊதிப் பெருகும். 9 அடி என்பது 2.74 மீட்டர். மதுரை வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர் என்று வைத்தால், 349-ஐ 5.48-ஆல் வகுக்க வருவது 63.7. பஞ்சமத்துக்குப் பக்கத்து வீடு! அகலமும் உயரமும் ஒன்றாக இருந்ததால் பக்கச் சுவர்களும், தரையும் கூரையும் சேர்ந்து அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டன.

இதற்கு முட்டை அட்டை ஒட்டச் சொல்லி இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். முட்டை அட்டை முட்டைக்குத்தான். 63 ஹெர்ட்ஸை உறிஞ்ச வேண்டுமென்றால் சுவரில் மீட்டர் கணக்கில் தடிமன் வேண்டும். அப்புறம் அறையில் அத்தைக்கு இடம் இருக்காது. இடத்தை மாற்றுவதுதான் வழி. இந்த அதிர்வின் அழுத்தம் சுவரோரம் அதிகம், நடுவில் குறைவு. அதுவரை சுவரில் சாய்ந்த மாதிரி உட்கார வைத்திருந்தேன். அகலவாக்கில் அறையின் நடுவுக்கு நகர்த்தினேன். அறை நடுவில் பதிவு செய்யாதே என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. நல்ல விதிதான், ஆனால் எங்கள் அறையில் எங்கள் பஞ்சமத்துக்கு நடுதான் சரியாக இருந்தது. முழக்கம் பாதிக்கு மேல் அடங்கியது.

மேல்ஸ்தாயி எதிரொலிக்கு வைத்தியம் எளிது. தரையில் இரண்டு பவானி ஜமக்காளம். அப்புறம் பரணில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தை. அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் முதலில் ஏமாந்தேன். மைக்குக்குப் பின்னால் நிறுத்தி வைத்தேன். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. யோசித்தால், கார்டியாய்ட் மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். அது பார்ப்பது முன்னால். ஆகவே மெத்தை நிற்க வேண்டியது மைக் பார்க்கும் திசையில், அதாவது அத்தையின் முதுகுக்குப் பின்னால். நிறுத்தினேன். ஒரே நொடியில் அறை சுருங்கி வீணை முன்னால் வந்தது. அத்தைக்குச் சாய்ந்துகொள்ளவும் வசதி.

மூன்றாவது மைக் தானாக வந்தது. தெரிந்த ஒருவர் தன்னிடமிருந்த ரோட் என்டி5-ஐ ஒரு வாரத்துக்குத் தந்தார். விரல் தடிமனுக்குச் சின்ன டயாஃப்ரம் கண்டென்சர். இங்கே பென்சில் மைக் என்பார்கள். சுய இரைச்சல் 16 டெசிபல். முதலில் நான் வாங்கியதைவிட 11 டெசிபல் அதிகம். கடையில் பார்த்திருந்தால் அந்த எண்ணைப் பார்த்தே ஒதுக்கியிருப்பேன். வீணை முன் வைத்ததும் அத்தை தலையை நிமிர்த்தினார். நெளி சத்தம் இருந்தது, ஆனால் நெளி சத்தமாகவே இருந்தது. கமகத்தில் தந்தியை இழுக்கும்போது சுரம் ஏறி இறங்குவது தெளிவாகக் கேட்டது. இரைச்சலைத் தேடிப் பார்த்தேன். வீட்டின் இரைச்சலுக்கு அடியில் எங்கோ புதைந்து கிடந்தது.

மைக்கை எங்கே வைப்பது என்பதற்கு இரண்டு நாள் போனது. வீணையின் குடத்துக்கு அரையடியில் வைத்தால் ஒரே 'தொம் தொம்'; அவ்வளவு கிட்டத்தில் வைத்தால் கார்டியாய்ட் மைக் எதுவானாலும் கீழ்ஸ்தாயியை ஊதிவிடும். அதோடு அத்தையின் மூச்சும் கேட்டது. விரல் அழுத்தும் மெட்டுகளுக்கு மேலே வைத்தால் ஒலி மெலிந்து, இடது கை வழுக்கும் 'கீச்' மட்டும் முன்னால் நின்றது. அத்தை வழக்கம்போல் விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டுதான் வாசிப்பார். அன்று இன்னும் கொஞ்சம் தொட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "ஊத்திக்கவா?" என்றார்.

கடைசியில் மைக்கைக் கீழே வைத்துவிட்டு என் காதை மைக்காக்கினேன். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மறு காதை வீணையைச் சுற்றி மெதுவாக நகர்த்துவது. பார்க்கக் கேலியாக இருக்கும். மாடிப்படியில் நின்று என் மகள் வீடியோ எடுத்தாள். ஆனால் ஐந்து நிமிடத்தில் இடம் கிடைத்தது. அத்தைக்கு எதிரே, வீணையிலிருந்து சுமார் 45 செ.மீ. தள்ளி, கொஞ்சம் உயரத்தில். அங்கிருந்து கீழ்நோக்கி, கடைசி மெட்டு முடிந்து குடம் தொடங்கும் இடத்தைப் பார்த்து மைக்கை வைத்தேன். மீட்டு, குடம், தாளத் தந்தி மூன்றும் ஒரு அளவில் வந்தன. கையோடு ஜமக்காளத்தில் சாக்பீஸால் அத்தை உட்காரும் இடத்தையும் ஸ்டாண்டின் கால்களையும் கோடு போட்டேன். அடுத்த நாள் மறுபடி தேட முடியாது.

பேராசையில் இரண்டு மைக் வைத்தும் பார்த்தேன்: பென்சில் அதே இடத்தில், பெரிய கண்டென்சர் வீணையின் கழுத்தான தண்டிப் பக்கம். தனித்தனியே இரண்டும் நன்றாக இருந்தன. சேர்த்தால் வீணை சோர்ந்துபோனது. ஒலி ஒரு மைக்குக்கு மற்றதைவிட 34 செ.மீ. அதிகம் பயணித்தால் ஒரு மில்லிநொடி தாமதம். அப்போது 500 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சாரணியின் மேல்ஸ்தாயி அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது மைக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

சுருதிப் பெட்டிப் பிரச்சினை தனி. தம்புரா ஒலி இல்லாமல் அத்தை வாசிக்க மாட்டார். அறையில் அதை ஒலிக்க விட்டால் எல்லாப் பதிவிலும் அதுவும் ஏறிவிடும், பின்னால் வெட்டி ஒட்ட முடியாது. ஹெட்போன் மாட்டச் சொன்னதற்கு, "ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டு வீணையை எப்படிடா கேக்குறது?" என்றார். நியாயம்தான். கடைசியில் ஒரே காதில் சின்ன இயர்போன், ஒயர் முந்தானைக்குள். தம்புராவை அப்புறம் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பதிவுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த நேரம் விடியற்காலை நாலரை. அந்த நேரத்தில் செயலி 27 காட்டியது. ஃபிரிட்ஜை அணைத்தேன். திரும்பப் போட மறக்கக்கூடாது என்பதற்காக வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சச் சத்தம் மைனஸ் 12-ஐத் தாண்டாத அளவுக்குக் கெயின். 24 பிட்டில் சிவப்பைத் தொடும்வரை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஐந்தேகாலுக்குப் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி தொடங்கும். ஆக, முக்கால் மணி நேரம்தான் கையில்.

நான்கு விடியல்களில் ஒரு வர்ணமும் இரண்டு கீர்த்தனைகளும் எடுத்தோம். இரண்டாம் நாள் ஒரு குயில், சரியாகக் கீர்த்தனையின் நடுவில், சுருதி சேராமல். மூன்றாம் நாள் தந்தி இறங்கிக்கொண்டே இருந்தது. பிருடையைத் திருகித் திருகி நேரம் போனது. நான்காம் நாள் நன்றாக அமைந்தது. அன்று மாலை ஸ்பீக்கரில் போட்டு, அத்தையும் நானும் உட்கார்ந்து கேட்டோம். முழக்கம் இல்லை, முணுமுணுப்பு இல்லை, சீப்பு இல்லை. 'ஜ்ர்ர்' மட்டும் இருந்தது. இப்போது எல்லாம் சுத்தமாகிவிட்டதால் அது இன்னும் துல்லியமாகக் கேட்டது.

வந்த இடங்களையெல்லாம் ஒரு தாளில் குறித்தேன். பதினொரு இடம். பதினொன்றிலும் சாரணியில் சுத்த மத்யமம். மைக், கேபிள், கரண்ட் எதுவாக இருந்தாலும் ஒரு சுரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிடிக்காது. வீணையை மடியில் வைத்து, ஐந்தாவது மெட்டில் அழுத்தி மீட்டச் சொல்லி, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்தாவது மெட்டு மெழுகுக்குள் மயிரிழை அளவு இறங்கியிருந்தது. அதை அழுத்தும்போது தந்தி ஆறாவது மெட்டையும் தொட்டுக்கொண்டு அதிர்ந்தது. மேற்குப் பக்க ஜன்னலை ஒட்டித்தான் வீணை எப்போதும் இருக்கும். தண்டி முனையில் இருக்கும் யாளி முகம் ஜன்னல் பக்கம். சாயங்கால வெயில் அந்த முதல் ஏழெட்டு மெட்டுகள் மேல்தான் விழும். மெழுகு இளகாமல் என்ன செய்யும்?

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த மெட்டையே விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமா மத்யமம் சரியா பேசல. கை தளர்ந்துபோச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா" என்றார்.

வீணைக்கு மேளம் கட்டுபவரை அழைத்திருக்கிறோம். பழைய மெழுகை எடுத்துவிட்டு 24 மெட்டையும் புதிதாக உட்கார வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை வருகிறார். வீணை இப்போது ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் நிற்கிறது. ஜமக்காளத்தில் சாக்பீஸ் கோடுகளை யாரும் மிதித்து அழிக்காமல் மேலே ஒரு செய்தித்தாளைப் போட்டு வைத்திருக்கிறேன். பென்சில் மைக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் தாண்டிவிட்டது. இன்னும் பத்து நாள் தவணை கேட்டிருக்கிறேன்.